பூஜ்யம் வாங்கிய வயல்

பயிர்களுக்கு வரும் நோய்களைக் கவனிப்பதற்காக மெட்ராஸில் ஒரு கழகம் இருந்தது. பயிர் நோய்க் கண்காணிப்புக் கழகம் என்று பெயர். அதன் வாசலில் ஒரு குரோட்டன்ஸ் செடி இருந்தது. அந்தச் செடிக்கு உடம்பு சரியில்லை என்பது கேட்டைத் திறக்கிற எவருக்கும் தெரியும். இலைகள் கருகி, ஓரம் சுருண்டு, நமுத்த அப்பளம் போல நிற்கும். கழகத்தில் நெல்லுக்கு ஒரு பிரிவு இருந்தது, கரும்புக்கு ஒன்று, நிலக்கடலைக்கு ஒன்று. அழகுச் செடிகளுக்குப் பிரிவு ஏற்படுத்தப்படவில்லை. ஆகவே நோய் நிபுணர்கள் அனைவரும் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

என் கணவர் பாக்கியநாதன் வேலையில் சேர்ந்த முதல் நாளே, பேனாக் கத்தியால் அதன் கருகிய கிளை ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டார். வெட்டியதற்கு விளக்கம் கேட்டார்கள். நோயுற்ற கிளை என்று பதில் சொன்னார். நோயுற்றது என்று முடிவு செய்ய அவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது நெல் விஷயத்தில் மட்டும் என்று நினைவூட்டினார்கள். அவருடைய உத்தியோக வாழ்க்கை இப்படித் தொடங்கியது. அது 1964.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியை அவருக்குச் சரகமாகக் கொடுத்தார்கள். கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை ஆபீஸ். பின்னாலேயே எங்கள் வீடு. எனக்கு அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நெல்லில் எங்கே குலைநோய் வந்தாலும் அது என் கணவரின் பொறுப்பு.

குலைநோயைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் இலையில் கண்ணைப் போலப் புள்ளி வரும். இரவில் பனி இறங்க இறங்கக் கண்கள் பெருகும். கடைசியில் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கதிர் ஒடிந்து, பால் பிடிக்காத பதராகத் தொங்கும். நோய் காற்றில் பறந்து பக்கத்து வயலுக்குப் போகும். அதற்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது.

நோயின் கடுமையை அளக்கக் கழகம் மதிப்பெண் வைத்திருந்தது. நோயே இல்லாத வயலுக்குப் பூஜ்யம். பயிர் முழுதும் செத்துப்போன வயலுக்கு ஒன்பது. விஞ்ஞானத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழகத்து அதிகாரிகள் சிறுவயது முதல் மதிப்பெண்ணுக்காகவே உயிரை விட்டுப் படித்து மேலே வந்தவர்கள். ஒன்பது என்பது பூஜ்யத்தைவிடப் பெரியது என்று அவர்களுடைய ரத்தத்துக்குத் தெரியும். நாளடைவில் அதிக மதிப்பெண் பெற்ற சரகத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளிக் கேடயம் ஒன்று வழங்கப்பட்டது. அதிக நோயைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அந்தக் கேடயம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

என் கணவர் முதலில் போன வயல் துலுக்காணத்துடையது. அவருடைய மனைவி செங்கம்மாள் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னா மருந்து குடுப்பீங்கோ சாரு?" என்று துலுக்காணம் கேட்டார்.

"உப்பு."

துலுக்காணம் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழிமுட்டையைப் போடச் சொன்னார் என் கணவர். முட்டை மிதக்கும்வரை உப்பு. அப்புறம் விதைநெல்லைக் கொட்ட வேண்டும். மிதக்கிற சொத்தையில்தான் நோய் ஒளிந்திருக்கும், அதை அள்ளி எறிந்துவிட வேண்டும். மூழ்கினதைக் கழுவி விதைக்க வேண்டும்.

"அந்த முட்டைய இன்னா பண்றது?" என்றாள் செங்கம்மாள்.

"பொரிச்சுத் தின்னலாம்."

"யோவ், சாரு சொல்றாமாதிரியே செய்யி" என்றாள் அவள் புருஷனிடம். "கவர்மெண்டு இதுவரிக்கும் சொன்னதுலயே இதான் வாயில வெக்கிற மாதிரி கீது."

மற்ற வேலைகளும் அப்படித்தான். வரப்புப் புல்லை மண்ட விடக்கூடாது, நெல் இல்லாத மாதங்களில் நோய் அதில்தான் குடியிருக்கும். யூரியாவை ஒரே நாளில் கொட்டக்கூடாது. போன பட்டத்து நோய் வைக்கோலை வயலிலேயே விடக்கூடாது. "நோய் விருந்தாளி மாதிரிப்பா" என்பார் அவர். "வாசல்ல வந்து நிக்கிறத யாரும் தடுக்க முடியாது. நாம பாய் போட்டு உக்கார வைக்காம இருந்தாப் போதும், அதுவே போயிடும்."

மூன்றாவது ஆண்டு முடிவில் அவருடைய சரகம் முழுவதும் பூஜ்யம்.

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை என்னிடம் சொன்னார். ஒவ்வொரு சரகத்து அதிகாரியும் எழுந்து நின்று மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆறு என்றார், லேசான கைதட்டல். இன்னொருவர் எட்டு என்றார். எழுந்து நின்று தட்டினார்கள். அவர் வயல்களில் அந்த ஆண்டு அறுவடையே இல்லை. என் கணவர் எழுந்து பூஜ்யம் என்றதும் எல்லோரும் குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த உதவி இயக்குநர் கோபால், நல்ல மனிதர், அவர் தோளைத் தட்டி, "மனசைத் தளர விடாதீங்க சார். அடுத்த வருஷம் நல்லா வரும்" என்றாராம்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் சுப்பராயன் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"நோய் இல்லாத இடத்தில் நோய் நிபுணருக்கு என்ன வேலை, மிஸ்டர் பாக்கியநாதன்?"

"நோய் வராமப் பாத்துக்கறதுதான் சார்."

"வராத ஒன்றை நீர் பார்த்துக்கொண்டீர் என்று நான் எப்படி நம்புவது? வந்த நோயை எண்ணலாம். வராத நோயை எண்ண முடியுமா? எண்ண முடியாத ஒன்றுக்காக ஒரு பதவியை அரசாங்கம் வைத்திருக்காது. நான் உம்முடைய நன்மைக்குத்தான் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் வயலுக்குப் போனவன்தான். என் சரகத்தில் ஒன்பதுக்குக் குறைந்ததே இல்லை. இன்றைக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறேன், பாரும்."

அந்த மார்கழியில் பயிர்ப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவதாக இருந்தார்கள். கழகம் புதிதாக வாங்கியிருந்த வெள்ளை மருந்துத்தூளை, முதுகில் மாட்டுகிற மிஷினால் வயலில் தூவி, விவசாய ஆணையர் அதைத் தொடங்கிவைக்க வேண்டும். விழாவை என் கணவரின் சரகத்திலேயே, துலுக்காணத்தின் வயலிலேயே வைத்தார் இயக்குநர். ஆணையர் வரும்போது வயலில் நோய் இருக்க வேண்டும். நோய் இல்லையென்றால் கவரைப்பேட்டைப் பதவியும் இருக்காது.

"என்னங்க செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நோயை வரவைக்கிறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல, கிரேசு. யூரியாவ மொத்தமாக் கொட்டி, வரப்புல புல்ல விட்டுட்டா, பனிக்குத் தானா வந்துடும்."

"வந்தா?"

"வந்தா துலுக்காணத்தோட நிக்காது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் போயிடும். ஒருத்தன் வீட்லயும் பொங்கல் பானை ஏறாது."

"வரலேன்னா நாம போகணும்."

"நாமதானே" என்று சொல்லிவிட்டுக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

விழா நெருங்க நெருங்கத் துலுக்காணத்தின் சம்பா பச்சைக் கம்பளம் மாதிரி கதிர் வாங்கி நின்றது. கோபால் வந்து பார்த்துவிட்டு, ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் கண் கலங்கினார். திரும்பிப் போய் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் ஒரு முடிவுக்கு வந்தார். நோய் அங்கே போகாவிட்டால் நாம் நோயைக் கொண்டுபோவோம்.

கழகத்தில் கண்ணாடியால் ஆன ஓர் அறை இருந்தது. அதற்குள் தொட்டிகளில் குலைநோய்ப் பயிரைப் போற்றி வளர்த்தார்கள். குலைநோய்க்கு வெயில் ஆகாது என்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குளிர்மிஷின் அதற்குள் ஓடியது. மே மாதத்தில் அதிகாரிகள் நோயைப் பரிசோதிக்கும் சாக்கில் அங்கே போய்ப் பேப்பர் படிப்பார்கள். அந்தத் தொட்டிகளில் மிகச் சிறப்பானவற்றை ஜீப்பில் ஏற்றி, வெயில் படாமல் கித்தான் கட்டி, மடியில் குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார் கோபால். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். துலுக்காணத்தின் வயல் நடுவில் பத்துப் பன்னிரண்டு குத்து நட்டுவிட்டால் போதும்.

ஆனால் ஒரு விதி இருந்தது. கழகமே செய்த விதி. வெளியிடத்துச் செடியை ஒரு சரகத்து வயலில் நடுவதானால், அந்தச் சரகத்து நிபுணர் அதைப் பார்த்து, நோயற்றது என்று கையெழுத்துப் போட வேண்டும். கோபால் விதியை மீறாதவர். பேனாவைத் திறந்து நீட்டினார்.

"சார், இதுல நோய் இருக்கே" என்றார் என் கணவர்.

"இருக்கணும்னுதானே சார் கொண்டுவந்திருக்கேன்."

"நோயற்றதுன்னு எழுதச் சொல்றீங்களே."

"அப்படி எழுதினாத்தான் நட முடியும்."

"அப்படி எழுதிட்டா நாளைக்கு எதுக்கு மருந்து தூவறோம்? நோயில்லாத செடிக்கா?"

கோபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "நடும்போது நோயற்றது. நட்டப்புறம் நோயுற்றது. நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுடுவோம்."

அதுவரை பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த துலுக்காணம் வாயைத் திறந்தார். "இன்னாபா இது பேஜாரா கீது. ஆஸ்பத்திரில கீற நோவாளிய தூக்கியாந்து என் ஊட்ல படுக்க வெச்சி, அப்பால என் ஊட்டுக்கு ஊசி போடப் போறீங்களா?"

"நாட்டுக்காகத்தான்யா" என்றார் கோபால்.

"நாட்டுக்குன்னா உன் ஆபீஸ் வாசல்லயே வெய்யி நைனா. அங்க ஒரு செடி கீதாமே, அதுக்குத் தொணையா இருக்கும்."

என் கணவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் கோபால் ஜீப்பை விட்டுத் தொட்டிகளை இறக்கவில்லை. செடிகள் இரவு முழுவதும் ஜீப்பிலேயே இருந்தன.

மறுநாள் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். ஆணையர் காரை விட்டு இறங்கி, மாலையைக் கழற்றி, "நோய் எங்கே?" என்றார்.

"ஜீப்பில் இருக்கிறது" என்றார் இயக்குநர்.

ஆணையர் ஜீப்பை நோக்கி நடந்தார். எத்தனையோ விழா பார்த்தவர். கோபால் கித்தானை மெல்ல விலக்க, ஆணையர் எட்டிப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்றார். பின்னால் மற்றவர்கள் வரிசையில் வந்து, பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர், "ஒன்பது கொடுக்கலாம்" என்றார். கோபாலுக்கு முகம் மலர்ந்தது.

இயக்குநர் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"சிலர் கேட்கிறார்கள், நோய் வராமலே தடுக்க முடியாதா என்று. முடியும். ஆனால் அதில் பொதுமக்களுக்கு என்ன தெரியும்? அரசாங்கம் உழைக்கிறது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? நோய் வர வேண்டும். மக்கள் கலங்க வேண்டும். நாம் வர வேண்டும். இதுதான் முறை. இந்தச் சரகத்தில் சில காலமாக அந்த முறை தவறிவிட்டது. இன்று அதைச் சரிசெய்கிறோம்."

ஆணையர் விசையை அழுத்தினார். நோய் ஜீப்பில் இருந்ததால் மிஷினின் வாயை ஜீப்பை நோக்கித் திருப்பியிருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து காற்று அடித்தது. வெள்ளைத் தூள் ஜீப்பில் பாதியும், பந்தலில் பாதியுமாக இறங்கியது. ஆணையர், இயக்குநர், நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் ஒரே நிறமானார்கள். கொஞ்ச நேரத்துக்குத் தும்மல் தவிர வேறு பேச்சில்லை. செங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்பதான் எல்லாம் ஒரே ஜாதியா கீறாங்கோ டீச்சரம்மா" என்றாள் என் காதில்.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லாத பச்சை. அவருடைய மூளை அந்த நேரத்தில் வேலை செய்ததை நான் பாராட்டத்தான் வேண்டும்.

"பாருங்கள்" என்றார். "மருந்து தூவி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இந்த வயலில் நோயே இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எல்லோரும் சாப்பிடப் போனபோது, என் கணவர் அந்தத் தொட்டிச் செடிகளைப் பொட்டலுக்குத் தூக்கிப்போய்க் குழிவெட்டி எரித்தார். திரும்பி வந்தபோது கேசரி தீர்ந்திருந்தது.

உத்தரவு அடுத்த மாதம் வந்தது. மருந்துத்தூளின் மகிமையால் வடகோடிச் சரகத்தில் குலைநோய் அடியோடு ஒழிந்துவிட்டபடியால், அங்கே இனி நோய் நிபுணர் தேவையில்லை. பாக்கியநாதன் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும்.

போனார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை. நாங்கள் வீட்டை மாற்றவில்லை. தினமும் ரயிலில் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை வயல்களுக்குப் போவார். துலுக்காணம் வீட்டில் முட்டை பொரிப்பார்கள். கழகத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் குரோட்டன்ஸ் தெரியும். சாப்பாட்டு வேளையில், யாரும் இல்லாதபோது, வாரத்துக்கு ஒரு கிளையாக வெட்டிக் கொண்டே வந்தார். மூன்று வருஷத்தில் அது சிவப்பும் மஞ்சளுமாகத் தழைத்துவிட்டது. அதைக் குணப்படுத்தியது தாங்களே என்று நெல் பிரிவும் கரும்புப் பிரிவும் தனித்தனியாக ஆண்டறிக்கையில் எழுதின.

1973 புரட்டாசியில், மாலை ரயில் மீஞ்சூரைத் தாண்டும்போது, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்துக் கவரைப்பேட்டையில் எழுப்பினார்கள். அவர் சட்டைப் பையில் பேனாக் கத்தி இருந்தது. அதை நான் வைத்திருக்கிறேன்.

கழகம் இரங்கற் கூட்டம் நடத்தியது. ஓய்வு பெறப் போகிற சுப்பராயன் தலைமை தாங்கினார். மறைந்தவரின் சேவைக்குச் சான்றாக ஒரு நோயுற்ற இலைகூடக் கழகத்தின் சேகரிப்பில் இல்லை என்று உண்மையாகவே வருந்தினார். "அவர் ஒரு நோயையும் விட்டுச்செல்லவில்லை. இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இந்தக் குறையைக் கழகம் தீர்த்துவைக்கும்."

தீர்த்துவைத்த விதம் இது. கவரைப்பேட்டைக்கு மேற்கே கழகத்துக்கு ஒரு பரிசோதனைப் பண்ணை இருந்தது. அதில் ஒரு பாத்தியை நிரந்தர நோய்ப் பாத்தியாக வைப்பார்கள். அதில் குலைநோயைப் பேணி வளர்த்து, தேவைப்படும் சரகங்களுக்கு அனுப்புவார்கள். அதற்கு, பாக்கியநாதன் நினைவு நோய்த் திடல் என்று பெயர். குடும்பத்தாரை மதிக்கும் வகையில், ஆண்டுதோறும் விதைநெல்லை நான் என் கையால் தர வேண்டும்.

அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று வருஷா வருஷம் அவர் பெயருக்கு நேரே எழுதப் போகிறார்கள். அவர் பெயர் போட்ட பாத்தியிலிருந்து காற்று கிளம்பி, அவர் காத்த வயல்களுக்கே போகப் போகிறது. மறுக்கலாம் என்று நினைத்தேன். மறுத்தால் வேறு யாராவது விதை தருவார்கள், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். சரி என்று எழுதிப் போட்டேன்.

விதை கொடுக்கப் போன அன்று, திடலின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு துலுக்காணம் நின்றுகொண்டிருந்தார். அவர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு கம்பெனி ஆணி செய்கிறது. அவர் இங்கே பண்ணையாளாகச் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலைத்துண்டை எடுத்தார். கோபால் இருந்ததால் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் நோய் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. கண்ணாடி அறையிலிருந்து தொட்டிகளைக் கொண்டுவந்து வைக்கலாம் என்றார்கள். மின்வெட்டில் குளிர்மிஷின் நின்று, அங்கே இருந்த நோய் முழுக்கச் செத்துப்போயிருந்தது. கோபால் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் சந்தையில் துலுக்காணத்தைப் பார்த்துக் கேட்டேன். "யூரியாவ மொத்தமாக் கொட்டச் சொல்லியிருக்காங்களாமே?"

"சொன்னாங்கோ டீச்சரம்மா. கையி வல்ல. கொஞ்சம் கொஞ்சமா போட்டே பழகிப்போச்சி."

"வரப்புப் புல்லையும் விடச் சொன்னாங்களே."

"சாரு பேரு போட்டு பலகை நிக்குது. அதுங்காண்ட புல்லு மண்டிக்கினு கெடந்தா நல்லாவா கீது?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆமா, நீ குடுக்குற வெதைல ஒரு பதருகூட இல்லியே, இன்னா சமாச்சாரம்?" என்றார்.

கத்தரிக்காய் என்ன விலை என்று நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

போன வாரம் கோபால் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர்தான் இயக்குநர். தலை நரைத்துவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துக்கம் சொல்ல வந்தவர் போல இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலைம்மா. நாங்களும் செய்யாத முயற்சி இல்ல. இந்த வருஷமும் சாருக்குப் பூஜ்யம்தான்."

"அப்படியா?"

"கழகத்துலயே இதுதான் குறைஞ்ச மதிப்பெண். பெரிய மனுஷர் பேருக்கு இப்படி ஆகுதேன்னு எங்களுக்கெல்லாம் வருத்தம். வேற பேர் வெச்சாலாவது வருமான்னு சிலபேர் கேக்கறாங்க. நான்தான் விடல. மனசைத் தளர விடாதீங்கம்மா. அடுத்த வருஷம் நல்லா வரும்."

"நம்பிக்கை இருக்குங்க" என்றேன்.

காபி குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அண்டாவில், நவரைப் பட்டத்துக்கு நான் திடலுக்குத் தர வேண்டிய விதைநெல் உப்புத் தண்ணீரில் கிடந்தது. அவர் வந்ததில் பாதியில் விட்ட வேலை. மிதந்த பதரை அள்ளி அடுப்பில் போட்டேன். முட்டையை எடுத்துக் கழுவி, வெங்காயம் நறுக்கிப் பொரித்தேன்.